வடகம் காயும் பத்மினி

பழைய கார் பிடிக்கும் என்று நான் சொன்னால் எல்லோரும் உடனே தலையாட்டுவார்கள். அவர்கள் மனதில் வருவது கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு வரும் வண்டி. கோட் மேல் கோட்டாகப் பெயிண்ட் அடித்து, பம்பரில் முகம் பார்க்கிற அளவுக்கு மெருகேற்றி, உள்ளே புது ரெக்ஸின் தைத்து, பாட்டு கேட்க ஸ்பீக்கரும் வைத்த வண்டி. அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஓய்வுபெற்ற ஆளுக்கு டை அடித்துக் காலேஜுக்கு அனுப்பிய மாதிரி இருக்கும்.

எனக்கு வேண்டியது யாரும் கை வைக்காத வண்டி. ஷோரூமிலிருந்து வந்த அன்று இருந்த அதே பெயிண்ட், அதே சீட், அதே ஹாரன். பெயிண்ட் வெளுத்திருக்கட்டும், ஓரத்தில் கொஞ்சம் துரு எட்டிப் பார்க்கட்டும், பரவாயில்லை. ஒரு குடும்பம் வருஷக்கணக்காக ஏறி இறங்கிய அடையாளம் அதில் தெரிய வேண்டும். அதை வாங்கி, அப்படியே வைத்து, அப்படியே ஓட்ட வேண்டும். இதை என் கணவருக்குப் பலமுறை விளக்கிப் பார்த்தேன். துருவுக்குக் காசு கொடுக்கத் தயாராக இருக்கிற ஒரே ஆள் நீதான் என்று சொல்லிவிட்டு அவர் தூங்கப் போய்விடுவார்.

நான் விருதுநகர் பக்கத்துக்காரி. கல்யாணம் ஆகி வந்து முகப்பேரில் ஒரு ஃபிளாட்டில் குடியிருக்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை மற்றவர்கள் கறிக்கடை வரிசையில் நிற்கும்போது நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆவடி, அண்ணனூர், பூந்தமல்லி என்று தெருத்தெருவாகப் போவேன். தார்ப்பாய்க்கு அடியில் இருப்பது என்ன வண்டி என்று மேடு பள்ளத்தை வைத்தே சொல்லிவிடுவேன். இணையத்தில் வரும் விளம்பரங்களை நம்புவதை எப்போதோ விட்டுவிட்டேன். அங்கே ‘ஒரிஜினல் கண்டிஷன்’ என்றால் போன வாரம் பெயிண்ட் அடித்தது என்று அர்த்தம்.

கைப்பையில் ஒரு காந்தம் வைத்திருப்பேன். ஃபிரிட்ஜில் ஒட்டுவதற்காக வாங்கியது, சின்ன இட்லித் தட்டு மாதிரி இருக்கும். அதை வண்டியின் உடம்பில் அங்கங்கே வைத்துப் பார்ப்பேன். நல்ல தகரம் என்றால் டப்பென்று ஒட்டிக்கொள்ளும். ஒடுங்கிய இடத்தில் பட்டி பார்த்து மேலே பெயிண்ட் பூசியிருந்தால் வழுக்கிக்கொண்டு கீழே விழும். பூந்தமல்லியில் ஒருவர் தன் அம்பாசடரில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை என்று பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார். இட்லித் தட்டு கதவில் நிற்கவே மாட்டேன் என்றது. கடைசியில் என் கால் விரலில்தான் வந்து விழுந்தது.

ஐயப்பன்தாங்கலில் பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு வண்டி உண்மையிலேயே கை படாமல் இருந்தது. ஆனால் பின் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றார் வண்டிக்காரர். நானும் நியாயம்தானே என்று காத்திருந்தேன். குஞ்சு பொரித்த கையோடு அவர் வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். அன்று வீட்டில் யாரும் என்னோடு பேச்சுக் கொடுக்கவில்லை.

இந்த அலைச்சலில் எனக்குத் துணை என் கொழுந்தன், அதாவது கணவரின் தம்பி. வில்லிவாக்கத்தில் பிறந்து வளர்ந்தவன். குளியலறைக் குழாய், வாஷ்பேசின் எல்லாம் கடை கடையாக விற்கிற வேலை. பேரம் பேசுவதில் தன்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பது அவன் எண்ணம், அது பெரும்பாலும் உண்மையும்கூட. வாங்கப் போகிற பொருளை முதலில் நன்றாக மட்டம் தட்ட வேண்டும், விற்கிறவருக்கே அதன் மேல் வெறுப்பு வர வேண்டும், அப்புறம் போனால் போகிறது என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டும், இதுதான் அவன் வழி. எனக்கு ஒரே ஒரு கட்டளை போட்டிருந்தான். வண்டி பிடித்திருந்தால் நான் வாயைத் திறக்கக் கூடாது.

அந்த பத்மினி காரை நான் தேடிக் கண்டுபிடித்தேன் என்று சொல்ல முடியாது. என் அலுவலகத் தோழி அண்ணனூரில் வீடு கட்டிச் சித்திரையில் கிரகப்பிரவேசம் வைத்தாள். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ மாடிக்குப் போனேன். பக்கத்து வீட்டு வாசலில், வெயிலில் மூக்கை நீட்டிக்கொண்டு ஒரு பிஸ்தா பச்சை பத்மினி. அதன் பானெட்டில் வெள்ளை வேட்டி விரித்து, வேட்டி நிறைய அரிசி வடகம் பிழிந்து காயவைத்திருந்தார்கள். நான் தாம்பூலப் பை வாங்காமலே இறங்கி ஓடினேன்.

வண்டிக்குச் சொந்தக்கார அம்மாள் கேட்டருகே காக்காய் விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர், குரல் மட்டும் கணீரென்று இருந்தது. கணவர் ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸில் குடியிருந்த காலத்தில் பதிவு செய்து, வருஷக்கணக்காகக் காத்திருந்து வாங்கிய வண்டியாம். அந்த மனிதர் பகலெல்லாம் ராணுவ வண்டிகளோடு மல்லுக்கட்டியவர், ஆனால் வீட்டு வண்டியை ஓட்ட மட்டும் பயம். அதனால் அந்த அம்மாள்தான் ஓட்டக் கற்றுக்கொண்டார். வண்டியை வேறு யாரும் ஓட்டியதில்லை.

பானெட் சூடு வடகத்துக்கு நல்லது, கல் தரையை விடச் சீக்கிரம் காயும் என்று எனக்கு விளக்கினார். நான் தலையாட்டிக்கொண்டே கையில் இட்லித் தட்டை எடுத்தேன். முன் மட்கார்டு, பின் மட்கார்டு, கதவு, டிக்கி, வைத்த இடமெல்லாம் ஒட்டிக்கொண்டது. இடதுபக்க முன்கதவில் ஒரு பள்ளம் இருந்தது, அதற்குள்ளும் ஒட்டியது. வடகத்துக்கு ஓரமாகப் பானெட்டில் வட்ட வட்டமாக மங்கிய தடங்கள் தெரிந்தன. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்து வைத்து, பெயிண்டே அந்த இடத்தில் நிறம் மாறியிருந்தது. விற்கிற எண்ணம் உண்டா என்று கேட்டேன். வடகம் வேண்டுமானால் தருகிறேன் என்றார்.

அதன் பிறகு ஏதாவது சாக்கு வைத்து அண்ணனூர் போய்க்கொண்டே இருந்தேன். எங்கள் வீட்டு அலமாரியில் வடகம் டப்பா டப்பாவாகச் சேர்ந்தது. ஆனி கடைசியில் அந்த அம்மாளே போன் செய்தார். வீட்டை ஒரு பில்டரிடம் கொடுத்து ஃபிளாட்டாகக் கட்டப் போகிறார்களாம். அதுவரை பக்கத்துத் தெருவில் மாடிப் போர்ஷனுக்கு வாடகைக்குப் போகிறார்கள், அங்கே வண்டி நிறுத்த இடமில்லை. வீடே இல்லை என்று ஆன பிறகு வண்டி எதற்கு, நீ ஆசைப்பட்டாயே, வந்து பேசு என்றார். நான் அலுவலகத்தில் ஒரு மீட்டிங்கின் நடுவே இருந்தேன். மைக்கை அணைக்காமலே கத்திவிட்டேன்.

பேசப் போன அன்று கொழுந்தன் என்னை வாசலிலேயே நிறுத்தி எச்சரித்தான். “அண்ணி, நீங்க இப்டி இளிச்சிகினு நின்னா வேலைக்கு ஆவாது. உங்க மூஞ்சியே காட்டிக் குட்த்துரும். சும்மா போன நோண்டிகினு இருங்க, மீதிய நான் பாத்துக்கிறேன்.” நான் போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் வண்டியைச் சுற்றி வந்து ஆரம்பித்தான்.

பெயிண்ட் செத்துப்போச்சு என்றான். கதவு ஒடுங்கிக் கிடக்கிறது, பானெட்டில் ஒரே கறை, சீட்டில் பஞ்சு தெரிகிறது, பம்பர் கறுத்துவிட்டது, உள்ளே புளித்த மாவு வாடை அடிக்கிறது என்றான். நான் எதையெல்லாம் பார்த்து மயங்கினேனோ அதையெல்லாம் வரிசையாகப் பிடித்து மிதித்தான். அம்மாளின் கணவரான பெரியவர் ஒவ்வொன்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். அம்மாள் காபி கொண்டுவந்து வைத்தார்.

கடைசியில் கொழுந்தன் ஒரு பெருமூச்சு விட்டான். “இத்த இப்டியே ரோட்ல எட்த்துகினு போனா நாலு பேர் சிரிப்பான்மா. என்னவோ, எங்க அண்ணி ஆசப்படறாங்க, அதான்.”

விலை படிந்தது. அவன் நினைத்ததை விடவும் குறைவாகவே படிந்தது. முன்பணம் கொடுத்தோம். ஆடி பிறந்துவிட்டதால் வண்டியை உடனே தர முடியாது, ஆவணி பிறந்து முதல் முகூர்த்தத்தில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் அம்மாள். அது யாருக்கும் புரிகிற விஷயம்தானே, ஆடியில் எங்கள் ஊரிலும் யாரும் வண்டி எடுக்க மாட்டார்கள். கிளம்பும்போது அவர் கொழுந்தனைக் கூப்பிட்டு, என்னென்ன குறை சொன்னீங்க தம்பி, இன்னொரு தடவை சொல்லுங்க என்று கேட்டார். அவனும் பெருமையாக விரல் விட்டுச் சொன்னான். பைக்கில் ஏறியதும், பார்த்தீர்களா, இன்னும் குறைக்கலாமா என்று யோசிக்கிறார்கள் என்று என்னிடம் சொல்லிச் சிரித்தான்.

அந்த ஆடி மாதம் நான் இருந்த இருப்பு எனக்கே சிரிப்பாக இருக்கிறது. எங்கள் அபார்ட்மென்டில் எங்களுக்கு உள்ள கார் நிறுத்தும் இடத்தில் பழைய சைக்கிள், உடைந்த மேஜை, யாருடையதோ கிரைண்டர் எல்லாம் குவிந்திருந்தன. எல்லாவற்றையும் அப்புறப்படுத்திக் கழுவி விட்டேன். சங்கச் செயலாளர் என்ன வண்டி வருகிறது, புது மாடலா என்று கேட்டார். ஆமாம், ரொம்பப் புது மாடல் என்றேன். இரண்டு நாளைக்கு ஒருமுறை அந்த அம்மாளுக்குப் போன் போட்டு வெயில் எப்படி, மழை எப்படி என்று விசாரிப்பேன். வண்டியைப் பற்றிக் கேட்டால் மட்டும் அவர் குரலில் ஒரு சிரிப்பு வரும். நீ ஆவணியில வந்து பாரு மா என்பார்.

ஆவணி பிறக்கச் சில நாட்களே இருக்கும்போது, அலுவலகக் கேன்டீனில் தோழி என் எதிரே வந்து உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டு அம்மா உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார்கள், ஆனால் என் வாய் நிற்காது என்றாள். “வண்டிய காலையில பட்டறைக்கு ஓட்டிட்டுப் போயிட்டாங்கடி. முழுசா பெயிண்ட் அடிச்சு, புதுசாக்கி உன் கையில குடுக்கப் போறாங்களாம்.”

கையிலிருந்த சாம்பார் வடை அப்படியே கிண்ணத்தில் விழுந்தது. அம்மாளுக்குப் போன் போட்டேன். அவர் கணவர் எடுத்தார். அவள் ஆடி வெள்ளிக்குக் கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்றார். அன்று புதன்கிழமை. நான் அதைச் சொன்னதும் அந்த நல்ல மனிதர் ஒரு நிமிஷம் திணறிவிட்டு, ஆவடி போகிற சாலையில் லாரி ஷெட்டுக்குப் பின்னால் இருக்கும் பட்டறையை அடையாளம் சொல்லிவிட்டார். அதற்குள் கொழுந்தனுக்கும் தகவல் சொல்லி, பைக்கோடு வரச் செய்திருந்தேன்.

வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே போனேன். நீ கறை என்று சொன்னது கறையா, அது சந்தனம்டா, உன் வாயில் வசம்பு வைத்துத் தேய்க்க என்று ஆரம்பித்து எங்கள் ஊர் வசவு அத்தனையையும் இறக்கினேன். அவன் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு கேட்காத மாதிரி ஓட்டினான். அவசரத்துக்குச் சந்துக்குள் திரும்பினால், அங்கே அம்மன் கோயில் பந்தல். தெருவை அடைத்துப் பெரிய அண்டாவில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். குடிக்காமல் போனால் ஆத்தா கோவிச்சுக்கும் என்று ஒருவர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தேன். கொழுந்தன் வெங்காயம் கேட்டு வாங்கி நிதானமாகக் குடித்தான்.

பட்டறையில் நுழைந்தபோது பத்மினியின் கண்ணாடிகளுக்கெல்லாம் பேப்பர் ஒட்டியிருந்தார்கள். சீட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார்கள். இடதுபக்கக் கதவின் பள்ளத்தைத் தட்டி எடுத்து, பட்டி பார்த்து, சாம்பல் நிறத்தில் பிரைமர் அடித்தாகிவிட்டது. அம்மாள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் ஒயர்கூடையோடு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். பெயிண்டர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துப் பானெட்டில் வைக்கப் போனார்.

நான் ஓடிப் போய் பானெட்டின் மேல் இரண்டு கையையும் விரித்துப் படுத்துவிட்டேன். பெயிண்டர் பயந்து இரண்டடி பின்னால் போனார்.

“கலர் பிடிக்கலையா மா?” என்றார் அம்மாள். “அதே பிஸ்தா பச்சதான் கலக்கச் சொல்லியிருக்கேன்.”

எதற்கு இதெல்லாம் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் கொழுந்தனைப் பார்த்தார். “தம்பிதானே சொன்னாரு, ரோட்டுல போனா நாலு பேரு சிரிப்பாங்கன்னு. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. எங்க வீட்டுல இருந்து போற ஒண்ண பாத்து யாரும் சிரிக்கக் கூடாது. நீங்க குடுத்த முன்பணத்த அப்படியே இதுக்குத்தான் எடுத்து வச்சேன்.”

கொழுந்தன் தரையைப் பார்த்தான். அவனை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவன் ஒரு பொருளைப் புகழ வேண்டியிருந்தது. “அது வந்துமா... வெல பேசறதுக்கோசரம் சொன்னது. வண்டி நல்லாத்தான் கீது. நெஜமாலுமே நல்லா கீது.”

அப்போது எனக்கு மறைக்க ஒன்றும் தோன்றவில்லை. பார்த்த நாளிலிருந்து இந்த வண்டியை நினைத்துக்கொண்டேதான் தூங்கப் போகிறேன் என்று சொன்னேன். அவன் குறை என்று சொன்ன எல்லாம் எனக்குப் பிடித்தவை, அவை இருப்பதால்தான் வாங்க வந்தேன் என்று சொன்னேன். பேப்பரைக் கிழித்துவிட்டு அவரைக் கையைப் பிடித்து வண்டியைச் சுற்றி அழைத்துப் போனேன். வெளுத்துப்போன கூரையைக் காட்டினேன். ஸ்டியரிங்கில் ஒரு கை மட்டும் பிடித்துத் தேய்ந்த இடத்தைக் காட்டினேன். பானெட்டில் சந்தன வட்டங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன்.

அவர் முதலில் சும்மா கேட்டுக்கொண்டு வந்தார். பிரைமர் அடித்த கதவு அருகே வந்ததும் நின்றார். அங்கே இருந்த பள்ளம் அவர் முதன்முதலில் வளைத்து ரிவர்ஸ் எடுத்தபோது குவார்ட்டர்ஸ் தண்ணீர்க் குழாயில் இடித்தது என்றார். குழாய் உடைந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்க, அந்த வரிசை வீட்டுப் பெண்கள் எல்லோரும் திட்டிக்கொண்டே குடத்தோடு ஓடிவந்து பிடித்துக்கொண்டார்களாம். அன்று எல்லா வீட்டிலும் துணி துவைத்தார்கள் என்று சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர், அந்தச் சாம்பல் நிறக் கதவைக் கையால் தடவினார். பள்ளம் இல்லை. சிரிப்பு நின்றுவிட்டது.

பிறகு நாற்காலியில் இருந்த ஒயர்கூடையை எடுத்துக்கொண்டார்.

“நான் இத விக்கல மா” என்றார். “கோச்சுக்காத. வீடு போகுதுன்னதும் எல்லாம் போகட்டும்னு நெனச்சுட்டேன். நீ சொல்லச் சொல்லத்தான் தெரியுது.”

எனக்கு அழுகை, கோபம் இரண்டும் ஒன்றாக வந்தன. வாயை மூடிக்கொண்டு போனை நோண்டியிருந்தால் வண்டி என்னுடையதாகியிருக்கும். ஆனால் பளபளவென்று, வட்டம் எதுவும் இல்லாமல். இரண்டில் எது மோசம் என்று அந்த நிமிஷத்தில் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எங்கே நிறுத்துவீர்கள் என்று மட்டும் கேட்டேன். அவர் அதை யோசித்திருக்கவில்லை. தெருவில் நிறுத்தினால் ஐப்பசி மழை தகரத்தைத் தின்றுவிடும், அப்புறம் மறுபடியும் பெயிண்டரிடம்தான் போக வேண்டும். எங்கள் அபார்ட்மென்டில் கழுவி வைத்த இடம் சும்மாதான் இருக்கிறது என்று நான் சொன்னேன். கொழுந்தன் என்னைப் பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

பெயிண்டர் அந்த ஒரு கதவுக்கு மட்டும் பச்சை அடித்துக் கொடுத்தார். வண்டி முழுக்க வெளுப்பு, ஒரு கதவு மட்டும் புத்தம்புதுசு. இந்த வேலை எங்கே செய்தது என்று யார் கேட்டாலும் என் பட்டறையைச் சொல்லிவிடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

ஆவணியில் முதல் முகூர்த்தத்தில் அந்த அம்மாளே வண்டியை ஓட்டிக்கொண்டு முகப்பேர் வந்தார். வந்ததும் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். சங்கச் செயலாளர் புது மாடலைப் பார்க்க ஆசையாக இறங்கி வந்துவிட்டு, வந்த வேகத்திலேயே மேலே போனார். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் அம்மாளும் பெரியவரும் பஸ் ஏறி வருகிறார்கள். இன்ஜினை உறுமவிட்டு ஒரு சுற்றுப் போய் வருவோம். அம்மாள் ஓட்ட, முன் சீட்டில் அவர் பக்கத்தில் நான், பின் சீட்டில் பேப்பரோடு பெரியவர். சாவி எப்போதும் அம்மாளின் பர்ஸுக்குள் இருக்கும், வரும்போது வரும், போகும்போது போய்விடும். ஆயுத பூஜையன்று பழைய வட்டத்துக்குள்ளேயே புதுச் சந்தனம் வைத்தார். எனக்கு ஒரு வட்டம் ஒதுக்கிக் கொடுத்தார். நான் இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தெரு சுற்றுவதில்லை. ஃபிளாட் வேலை முடிந்தால் வண்டி அண்ணனூருக்குத் திரும்பிவிடும் என்பதும் எனக்குத் தெரியும். அந்தக் கட்டடம் எந்த மாடி வரை வந்திருக்கிறது என்று தோழியிடம் கேட்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

பங்குனி வெயில் வந்ததும் வண்டியை வாசலுக்கு நகர்த்திப் பானெட்டில் வேட்டி விரித்தாயிற்று. செயலாளர் ஆட்சேபித்தார். ஒரு டப்பா வடகம் கொடுத்ததும் ஆட்சேபணை நின்றது. அப்படி ஒரு ஞாயிறு காலை நாங்கள் காக்காய் விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கொழுந்தனும் வந்திருந்தான். பக்கத்து பிளாக்குக்குப் புதிதாகக் குடிவந்த ஓர் இளைஞர் ஓட்டப்பயிற்சி ஷூவோடு வந்து நின்றார். கோயம்புத்தூர்ப் பேச்சு. வண்டியைச் சுற்றி வந்தவர், யாரும் பார்க்காத மாதிரி கதவு ரப்பரை விலக்கி அடியில் இருந்த பெயிண்டைப் பார்த்தார். எனக்குத் திக்கென்றது. அது நான் செய்கிற வேலை.

பெயிண்ட் ரொம்ப வெளுத்திருக்குதுங்களே என்று மெல்ல ஆரம்பித்தார். சீட்டில் பஞ்சு வெளியே வருகிறது என்றார். பானெட்டில் கறை என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கொழுந்தன் எழுந்துவிட்டான்.

“இன்னா சார் கறை? எது கறை? அத்தினி வருசமா ஆயுத பூஜைக்கு வச்ச சந்தனம் சார் அது. வெளுக்காத பெயிண்ட் ஒங்களுக்கு எங்க வேணா கெடைக்கும். வெளுத்துப்போய்கூட அப்டியே கீது பாருங்க, இது எங்க கெடைக்கும்?”

அம்மாள் அவனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அந்த இளைஞரைப் பார்த்து, மிகவும் அன்பாக, இப்போது வேண்டாம் தம்பி, ஆடி போகட்டும், ஆவணியில் பேசலாம் என்றார். அவர் நன்றி சொல்லிவிட்டு உற்சாகமாக ஓடிப் போனார்.

விற்கப் போகிறீர்களா என்று கேட்டேன். பின் சீட்டில் பேப்பருக்குப் பின்னால் பெரியவர் சிரிக்கிற சத்தம் கேட்டது.

“ஆடி வருஷா வருஷம் வருது மா” என்றார் அம்மாள். வேட்டியின் நாலு முனையையும் பிடித்து வடகத்தை அள்ளிக் கொழுந்தனிடம் கொடுத்தார். பர்ஸைத் திறந்து சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். “வெயில் ஏறுது. வண்டிய நிழலுக்கு எடு. ரிவர்ஸ்ல குழாய் இருக்கான்னு பாத்துக்கோ.”